நார்த்தாமலையில் 47 படங்கள்

நார்த்தாமலை விலக்கில் பேருந்து எங்களை இறக்கிவிட்டபோது காலை ஆறரை மணி. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் நெடுஞ்சாலை. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கிழக்கு வெளுத்துவிட்டது, மலைகள் மட்டும் இன்னும் கறுப்பாகவே நின்றன. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், புதுக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கல்லூரியில் படிக்கும் அக்கா, தம்பி, பிறகு நான் என ஐந்து பேர்.

இறங்கியதும் டீச்சர் சொன்ன முதல் வேலை: “அந்தப் பலகையை எடுங்கப்பா. ஊர்ப் பேரு தெளிவாத் தெரியணும்.”

ஸ்டூடியோ அண்ணன் தோள்பையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். “போர்டை எடுக்கவா டீச்சர் இத்தனை லென்ஸைச் சுமந்துக்கிட்டு வந்தேன்?”

“ஆமா. கோயிலை ஆயிரம் பேர் எடுத்தாச்சு. எந்த இடத்துல பஸ்ஸை விட்டு இறங்கணும்னு ஒருத்தரும் எடுக்கலை.”

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் புதுக்கோட்டையில் ஒரு விடுதியில் தங்கினேன். வரவேற்பு மேசையில் ‘சுற்றிலும் பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று வண்ணத்தாள் ஒன்று கிடந்தது. ‘நார்த்தாமலை’ என்ற தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்தது கொடும்பாளூர் மூவர் கோயில். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு விமானங்கள். இந்தப் பகுதிக்காரர் எவரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். மேசையில் இருந்த பையனிடம் சொன்னேன். “நெட்டுல நார்த்தாமலைன்னு போட்டா இதான் சார் வந்துச்சு” என்றான். அவன்மேல் என்ன தப்பு? சரியான படம் வைத்திருக்கும் நாங்கள் என்ன செய்தோம்? நான் எடுத்த நார்த்தாமலைப் படங்கள் எட்டு வருடமாக ஒரு ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன. ஸ்டூடியோ அண்ணன் தன் படங்களை இணையத்தில் போட்டிருந்தார்தான்; ஆனால் கோபுரத்தின் நடுவயிற்றில் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் குறுக்கே ஓடும். டீச்சர் எடுத்தவை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு போய் மறுநாளே அடியில் புதைந்துவிட்டன. நல்ல படங்களைப் பூட்டிவைத்துவிட்டு, ஊரைப் பற்றிய படம் தப்பாக வருகிறது என்று நொந்துகொண்டிருந்தோம்.

அதனால்தான் இந்த ஞாயிறு. எடுப்பதை எல்லாம் விக்கிமீடியா பொதுவகத்தில் கட்டற்ற உரிமத்தில் போட்டுவிடுவது என்று ஏற்பாடு. 2004-இல் தொடங்கிய கிடங்கு அது. இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அங்கே இருக்கின்றன. யாரும் எடுத்து அச்சிடலாம், பாடநூலில் போடலாம், பயணத்தாளில் போடலாம், காசு கொடுக்க வேண்டாம், அனுமதிக் கடிதம் எழுத வேண்டாம். எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் போட வேண்டும், அவ்வளவே.

விலக்கிலிருந்து ஊருக்குள் நடந்தோம். தம்பியின் கையில் டீச்சர் எழுதித் தந்த நோட்டு. ஊருக்குள் திரும்பும் முனை, முத்துமாரியம்மன் கோயில் முகப்பு, குடிதண்ணீர்க் குழாய், காலையில் திறந்திருக்கும் டீக்கடை, மலைக்குப் பிரியும் மண்பாதை என்று ஒவ்வொன்றாகக் குறித்திருந்தார். பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் மேலமலை ஏறிப் பார்த்திருப்பார்கள் என்று டீச்சர் கேட்டார். பதில் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஏற வழி எது என்று கேட்டாலே கீழே நாலு பேர் நாலு பக்கம் கையை நீட்டுகிறார்கள். நார்த்தாமலை என்பது ஒரு மலை அல்ல. மேலமலை, கடம்பர்மலை, கோட்டைமலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று ஒன்பது குன்றுகளின் கூட்டம். முதல்முறை வருகிறவர் தப்பான குன்றில் ஏறி இறங்கி, வெயிலேறியதும் திரும்பிப் போய்விடுவார்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2005 முதல் ஒரு வேலை நடக்கிறது. ஜியோகிராஃப் என்று பெயர். நாட்டு வரைபடத்தைச் சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படமாவது எடுத்துவிடுவது என்று சாதாரண மக்கள் கிளம்பினார்கள். வயல்வேலி, அஞ்சல்பெட்டி, மண்பாதை, பேருந்து நிறுத்தம், சேறு. அத்தனையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். 70 லட்சத்துக்கும் மேலே சேர்ந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை அழகுக்குப் பரிசு வாங்கும் படங்கள் இல்லை. ஆனால் போகாத ஊருக்கு வழி தேடுகிறவனுக்கு அந்த வேலிப் படம்தான் உதவும். டீச்சர் இதையெல்லாம் கேள்விப்பட்டவர் இல்லை; நாற்பது பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்த் தண்ணீர்க் குழாய் தேடி அலைந்த அனுபவத்திலிருந்து தானாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மேலமலை ஏற்றம் கடினமில்லை. படிக்கட்டைவிட மொட்டைப் பாறைச் சரிவுதான் அதிகம். வழியில் தலையருவிச் சுனை. தண்ணீருக்கு அடியில் ஒரு குடைவும் அதற்குள் ஒரு லிங்கமும் இருக்கின்றன. தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம். சுனையின் படத்தை அக்கா எடுத்தாள். பச்சைத் தண்ணீர், அதில் ஒரு துண்டு வானம். “இதுல லிங்கம் தெரியலையே” என்றான் தம்பி. “தெரியலைங்கிறதுதான்டா விஷயம். குறிப்புல எழுதிக்க” என்றார் டீச்சர்.

நான் இங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டேன். காலையில் வந்தால், மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீச்சுரத்தின் முகப்பு சரியாகக் கிடைக்காது. கோயில் மேற்குப் பார்த்தது. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முகப்பு நிழலில் கிடக்கும், வானம் வெளுத்துப்போகும். எதிரே பாறையில் குடைந்த இரண்டு குடைவரைகள் கிழக்குப் பார்த்தவை. காலை வெயில் நேராக உள்ளே விழும். ஆக, குடைவரைக்குக் காலை, கோயிலுக்கு மாலை. இந்தச் சின்ன விவரம் எந்தப் பயணத்தாளிலும் நான் பார்த்ததில்லை. ஸ்டூடியோ அண்ணனுக்கு இது தெரிந்திருந்தது. முக்காலியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததற்கும் காரணம் இருந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கையில் பிடித்துப் படமெடுக்கலாம், முக்காலி ஊன்ற வேண்டுமானால் முன்அனுமதி வேண்டும்.

பெரிய குடைவரைக்குள் நுழைந்தோம். சுவர் முழுக்கத் திருமால், ஏறத்தாழ ஆள் உயரத்தில், ஒரே அச்சில் வார்த்தது போலப் பன்னிரண்டு பேர். ‘சமணர் குடகு’ என்றும் இதற்குப் பெயர் உண்டு; சமணக் குடைவரையாக இருந்து பிறகு பெருமாள் கோயிலானது என்பார்கள். மஞ்சள் வெயில் பாதிச் சிலைகளின் இடுப்புவரை ஏறியிருந்தது. ஸ்டூடியோ அண்ணன் அரைமணி நேரம் பேசவில்லை. மண்டியிட்டு, சாய்ந்து, ஒரு தூணோடு முதுகை ஒட்டி நின்று எடுத்துக்கொண்டே இருந்தார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் மாமனை ஒதுங்கச் சொல்லிக் கத்தும் மனிதரா இவர் என்று இருந்தது.

பக்கத்துக் குடைவரை சிவனுக்கு. பழியிலி ஈச்சுரம். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் முத்தரையர் குலத்துச் சாத்தன் பழியிலி குடைவித்தது. அதன் வாசலில் ஆடு மேய்க்க வந்த ஒரு பாட்டி நிழலுக்கு உட்கார்ந்திருந்தார். தம்பி சட்டென்று ஒன்று எடுத்துவிட்டான். அன்றைக்கு எடுத்தவற்றில் மிக அழகான படம் அதுதான். இதை அவன் அக்காகூட ஒப்புக்கொண்டாள். முகச்சுருக்கமும் பாறைச்சுருக்கமும் ஒரே வெளிச்சத்தில்.

டீச்சர் பாட்டியிடம் போய்த் திரையைக் காட்டினார். “பாட்டி, இதை ஊர் உலகமெல்லாம் பாக்குற மாதிரி போடலாமா? யாரு வேணா எடுத்து எதுல வேணா அச்சடிப்பாங்க.”

பாட்டி படத்தை உற்றுப் பார்த்தார். “என்னையப் போட்டு என்னத்தப் பண்ணப்போறீக? கோயிலப் போடுங்க” என்றார்.

போடவில்லை. பொது இடத்தில் எடுத்த படம்தானே என்று தம்பி முணுமுணுத்தான். பதிப்புரிமை அவனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டியின் முகம் பாட்டியுடையது. கட்டற்ற உரிமத்தில் கொடுத்த படத்தை நாளைக்கு ஒரு தைல விளம்பரத்தில் பார்த்தால் பாட்டிக்கு என்ன பதில் சொல்வது? உரிமம் கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு மனம் மாறித் திரும்ப வாங்க முடியாது.

கோயிலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அடித்தளம் சதுரம், உச்சி வட்டம், கருவறையும் உள்ளே வட்டம். சுற்றிலும் எட்டாக இருந்த சிறுகோயில்களில் ஆறு மிஞ்சியிருக்கின்றன. விஜயாலய சோழன் பெயரால் அழைக்கப்பட்டாலும் இங்குள்ள கல்வெட்டு சொல்வது வேறு கதை. கோயிலை எடுப்பித்தவன் முத்தரையர் தலைவன் சாத்தன் பூதி. மழையில் அது இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்திருக்கிறான். புதுப்பித்தவன் முன்னவனின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் பொறிக்கவில்லை. முதலில் செய்தவன் இன்னான், என்ன ஆயிற்று, பிறகு திருத்தியவன் இன்னான் என்று வரிசையாகச் சொல்லிவிட்டான். நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமம் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்: எடுத்தவர் பெயரைப் போடு, மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று சொல், மாற்றியதையும் இதே உரிமத்தில் கொடு. இதைச் சொன்னதும் டீச்சர் அந்தக் கல்வெட்டைத் தனியாக மூன்று கோணத்தில் எடுக்கச் சொன்னார்.

வெயில் ஏறியது. வெறுங்காலைப் பாறை சுட ஆரம்பித்ததும் இறங்கிவிட்டோம். மாலை மறுபடி ஏற வேண்டும். நடுப்பகல் முழுவதும் டீக்கடையில்.

சண்டை அங்கேதான் நடந்தது. சண்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டூடியோ அண்ணன் கேட்டார்: “எல்லாம் சரிண்ணே. சும்மாக் குடுக்கிறேன். ஆனா எவனும் இதை வெச்சுச் சம்பாதிக்கக் கூடாதுன்னு ஒரு வரி போட்டுக்கலாமே? அப்படி ஒரு உரிமமும் இருக்காமே?”

இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. இன்று ஆறு வகை; அவற்றில் மூன்றில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உண்டு. அந்தத் தடையோடு வரும் படத்தைப் பொதுவகம் ஏற்றுக்கொள்வதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விடுதியின் பயணத்தாள் வணிகம். ஆட்டோ அண்ணன் அடிக்கும் அட்டை வணிகம். இந்த டீக்கடைக்காரர் சுவரில் ‘மேலமலைக்கு வழி’ என்று பெரிதாக்கி ஒட்டினால், கேட்கிறவன் கேட்டால் அதுவும் வணிகம்தான். சுற்றுலா என்பதே நாலு பேர் வயிற்றுப்பாடு. அவர்கள் கையைக் கட்டிவிட்டு ஊரை வளர்க்கிறேன் என்றால் எப்படி?

“பெரிய கம்பெனிக்காரன் எடுத்துட்டா?”

“எடுக்கட்டும். உங்க பேரைப் போட்டு எடுக்கட்டும். இப்ப உங்க கடைப்பேரு போட்ட படத்தை வெட்டிட்டுப் போட்டுக்கிறானே, அவனை என்ன செஞ்சீங்க?”

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். அந்த வாதத்தில் நான் முழுதாக ஜெயித்ததாக நினைக்கவில்லை. படமெடுத்துப் பிழைக்கிறவருக்கும் பொழுதுபோக்குக்கு எடுக்கிற எனக்கும் இழப்பு ஒன்றல்ல. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: இன்று எடுத்ததில் இருபதைப் பொதுவுக்கு, குடைவரையில் எடுத்த நாலைந்தைத் தனக்கு. நியாயம்தான். எல்லாவற்றையும் கொடுத்தால்தான் கொடை என்று யார் சொன்னது?

பிறகு தன் செல்பேசியில் இன்னொரு தொகுப்பைக் காட்டினார். இதே கோயிலின் முன் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. சாயங்கால வெயில், மழை பெய்து கழுவிய பாறை, பட்டுச்சேலை. “இதைப் போட்டா நார்த்தாமலைக்குக் கூட்டம் குமிஞ்சிடும்.” உண்மை. ஆனால் அவற்றை அவரால் கொடுக்க முடியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கு. ஆக அந்தப் படங்கள் மாப்பிள்ளை பெண்ணுடையவை. இருபது வருடமாகத் தொழில் செய்கிறவருக்கு அன்றுதான் இது தெரிந்தது. முகம் கொஞ்சம் வாடிப்போனது.

தம்பிக்கு ஒரு சந்தேகம். காலையில் சில படங்களை அக்காவின் செல்பேசியில் அவன் எடுத்திருந்தான். யார் பெயரில் ஏற்றுவது? செல்பேசி யாருடையது என்பது கணக்கில்லை, எடுத்த ஆள்தான் உரிமையாளர். அவன் எடுத்ததை அவன் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். “அப்ப நாந்தானே போன் வாடகை கேக்கணும்?” என்றாள் அக்கா.

மாலை நாலரைக்கு மறுபடி ஏறினோம். காலையில் நிழலாகக் கிடந்த முகப்பு செம்மஞ்சளாக எரிந்தது. வாயிற்காவலர் இருவரும் காலை மடக்கி நிற்கும் ஒயில் அப்போதுதான் தெரிந்தது. ஸ்டூடியோ அண்ணனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்றிரவு பதிவேற்றினோம். அது அவ்வளவு சுகமான வேலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீச்சர் தன் படங்களை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் பதிந்த உள்விவரங்களை உருவிவிடும். அப்படி வந்த படத்தைப் பொதுவகத்தில் பார்க்கிறவர்கள் ‘எங்கிருந்தோ சுட்டது’ என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்க் கம்பிவழி எடுத்தேன். ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கும் வெற்று எண் பெயர்களைப் பொதுவகம் ஏற்பதில்லை. ‘நார்த்தாமலை, மேலமலை ஏறும் பாதையின் தொடக்கம்’ என்று பொருள்படப் பெயர் வைக்க வேண்டும். குறிப்பைத் தமிழில் எழுதலாம், எழுதினோம். மலையில் எடுத்தவற்றில் இருப்பிடக் குறியீட்டை அப்படியே விட்டோம். அது வரைபடத்தில் புள்ளியாக விழும், அந்தப் புள்ளிதான் அடுத்தவருக்கு வழி. டீச்சர் வீட்டுத் திண்ணையில் ஒத்திகைக்கு எடுத்த இரண்டு படங்களிலும் அதே குறியீடு இருந்தது. அவற்றைத் தனியே எடுத்துவைத்தேன். வீட்டு விலாசத்தை யாராவது ஊருக்குக் கொடுப்பார்களா?

ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு சுவரில் வரைந்திருந்த புதிய ஓவியத்தை அக்கா ஆசையாக எடுத்திருந்தாள். அதையும் விட்டோம். கோயிலும் கல்சிலையும் பொதுவெளியில் நிரந்தரமாக நிற்பவை. படமெடுத்துப் பகிர நம் சட்டம் இடம் தருகிறது. உயிரோடிருக்கும் ஓவியரின் சுவரோவியத்துக்கு அந்த இடம் இல்லை. அவரிடம் கேட்க வேண்டும்.

கழித்தது போக, எல்லார் கணக்கிலுமாக மொத்தம் 47 படங்கள் ஏறின. அவற்றில் என்னுடையவை ஒன்பது. எட்டு வருடமாகத் தூங்கிய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்ததில் தேறியவை அவ்வளவுதான்; மற்றவற்றில் எல்லாம் நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

விடுதிப் பையனுக்குச் சுட்டியை அனுப்பினேன். அடுத்த அச்சில் மூவர் கோயில் கொடும்பாளூருக்குப் போய்விட்டது. நார்த்தாமலைக்குக் கீழே ஸ்டூடியோ அண்ணனின் மாலைநேர முகப்பும், டீச்சரின் மண்பாதையும். ஓரத்தில் பொடி எழுத்தில் எடுத்தவர்கள் பெயர், உரிமத்தின் பெயர். அண்ணன் அந்தத் தாளைத் தன் கடைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். டீச்சருக்குக் குறை, தண்ணீர்க் குழாயைப் போடவில்லையாம்.

தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011-12-இல் ஓர் ஊடகப் போட்டி நடத்தினார்கள். நெதர்லாந்தில் 2010-இல் தொடங்கிய நினைவுச்சின்னப் படப்போட்டி 2012 முதல் இந்தியாவிலும் நடந்திருக்கிறது. போட்டி இருந்தால் நல்லதுதான். ஆனால் போட்டிக்கு வருவது அழகான கோபுரம். பேருந்து நிறுத்தம் போட்டிக்கு வராது. அமெரிக்காவில் தேசியப் பூங்கா ஊழியர்கள் பணியில் எடுக்கும் படங்களுக்கு அங்கே பதிப்புரிமையே கிடையாது, எவரும் பயன்படுத்தலாம். நம் அரசுத் துறைகள் வரிப்பணத்தில் எடுக்கும் சுற்றுலாப் படங்களையும் அப்படித் திறந்துவிட்டால் எங்களுக்கு வேலை மிச்சம். அதுவரை அவரவர் செல்பேசிதான்.

எங்கள் நோட்டில் விடுபட்டவை இவை: கடம்பர்மலைக்குப் பிரியும் பாதை, ஆளுருட்டிமலையின் அடிவாரம், விலக்கிலிருந்து ஊருக்குள் வரும் பேருந்தின் நேரம் எழுதிய பலகை ஏதாவது இருந்தால் அது, மழைக்காலத்தில் நிரம்பிய சுனை. திருச்சி–புதுக்கோட்டைச் சாலையில் போகிறவர்கள் ஒரு பத்து நிமிடம் இறங்கினால் போதும். நீங்கள் எடுத்ததை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள்.